இலைக்கட்டு இறக்கும் வீடு

வாரத்தில் மூணு நாள் காலை ஆறரை மணிக்குள் நூறு நுனி இலையும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் டிவிஎஸ் வண்டியில் வைத்துக்கட்டி, கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்வாசலில் இறக்குகிறேன். அந்த வீடு இப்போது ஓட்டல். அங்கே ஒரு ராத்திரி தங்க ஆகிற வாடகை, இலைக்காக மாசக் கடைசியில் எனக்கு வருகிற காசைவிடக் கொஞ்சம் கூட. இதைப் புகாராகச் சொல்லவில்லை. காசு தேதி தவறாமல் வருகிறது. கமிஷன் மண்டியில் இப்படி வராது.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற நண்பர்கள் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு என் தோட்டத்துக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏண்ணே, சுத்தி ஒண்ணுமே இல்லாத பொட்டக்காடு. இதுல எப்படி இவ்ளோ பெரிய வீடு வந்துச்சு?" ஓட்டலில் சுற்றிக்காட்டும் தம்பி இதற்கு "வியாபாரம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி, அடுத்த தூணுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, முக்கால் மணி நேரத்தில் அறுபது அறையையும் காட்டியாக வேண்டும். எனக்கு அவசரம் இல்லை. கண்மாயில் தண்ணி வர இன்னும் நாளிருக்கிறது.

முதலில் மண்ணைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் செம்பொறை மண். மண்வெட்டி போட்டால் ஒரு முழத்துக்குள் கல்லில் இடிக்கும். ஆறு கிடையாது. கண்மாய் பெருகினால் ஒரு போகம் நெல், பெருகாவிட்டால் அதுவும் கிடையாது. பர்மாத் தேக்குத் தூணும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வாங்குகிற அளவுக்கு இந்த மண் எந்தக் காலத்திலும் யாருக்கும் விளைந்தது இல்லை. ஆனாலும் ஒரு விவசாயியாகச் சொல்கிறேன், அந்த வீடு நெல்லில்தான் கட்டப்பட்டது. நெல் விளைந்த இடம்தான் வேறு: கடல் தாண்டி, ஐராவதி ஆற்றின் கழிமுகம்.

கீழ் பர்மாவை 1852-ல் வெள்ளைக்காரன் பிடித்தபோது அந்தக் கழிமுகம் பெரும்பாலும் சதுப்பும் காடும்தான். நெல் விளைந்த நிலம் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது லேசாகிவிட்டது. மேல் பர்மாவிலிருந்து குடியானவர்கள் இறங்கி வந்து காட்டை வெட்டினார்கள். 1930-களில் அங்கே நெல் நிலம் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது.

காடு வெட்டி நிலமாக்குவது என்றால் என்ன என்று மண்வெட்டி பிடித்தவனுக்குத் தெரியும். முதல் விளைச்சல் வரும்வரை சாப்பாடு வேண்டும், மாடு வேண்டும், விதை வேண்டும், கூலி வேண்டும். வெள்ளைக்காரப் பேங்கு பெரிய கம்பெனிகளுக்குத்தான் கடன் கொடுக்கும், காட்டுக்குள் குடிசை போட்டிருக்கிற பர்மியக் குடியானவனை ஏறெடுத்தும் பார்க்காது. அவனுக்குப் பணம் கொடுத்தவர்கள் நம்ம நகரத்தார்கள். சொந்தப் பணம், உறவுக்காரர்கள் போட்டுவைத்த பணம், அதே பேங்குகளிடம் வாங்கிய பணம் எல்லாவற்றையும் கொண்டுபோய், ஊர் ஊராகக் கடை திறந்து, நிலத்தை ஈடு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்குக் "கொண்டுவிக்கப் போறது" என்று பேர். 1929-30-ல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழு, அங்கே செட்டியார்கள் போட்டிருந்த முதல் 75 கோடி ரூபாய் என்று மதிப்புப் போட்டது. அந்தக் காலத்து 75 கோடி! அதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன்.

கடை நடந்த முறையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். முதலாளி ஊரில் இருப்பார். கடையில் மேலாள் இருப்பார், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மூன்று வருஷம் ஒரு கணக்கு. கணக்கு முடித்துக்கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து, கல்யாணம் காட்சி பார்த்துவிட்டு, மறுபடி கப்பல். கடைக்கணக்கில் மகமை என்று ஒரு பங்கு கோயிலுக்குப் போகும். முதலாளி மகனே ஆனாலும் வேறொருத்தர் கடையில் பெட்டியடியில் உட்கார்ந்துதான் தொழில் பழக வேண்டும். என் மகனை அடுத்தவர் தோட்டத்துக்கு ஒரு வாரம் வேலைக்கு அனுப்பிப் பார்த்தேன், மூணாம் நாள் திரும்பிவிட்டான்.

அந்த வட்டிதான் இங்கே வீடாக ஏறியது. 1912-ல் கட்டிய கானாடுகாத்தான் அரண்மனையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரும் புகழும் இல்லாமல், அதே அச்சில் ஆயிரக்கணக்கான வீடுகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் எழும்பின. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போகும். முகப்பில் ஆம்பளைகள் கணக்கு வழக்கு, வளவில் விசேஷங்கள், பின்கட்டு முழுக்கப் பொம்பளைகள் ராஜ்யம். வளவைச் சுற்றி இருக்கிற அறைகளைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய வீட்ல ஏன் ரூமெல்லாம் இத்தனை சின்னதா இருக்கு?" என்று ஒரு தோழி கேட்டாள். அவை படுத்துத் தூங்கக் கட்டிய அறைகள் அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் தன் சாமானைப் பூட்டிவைக்க உள்ளொன்றும் வெளியொன்றுமாக அறை. சீர் வந்த பாத்திரம், வெள்ளி, பட்டு எல்லாம் அதற்குள். படுக்கை வளவிலோ மாடியிலோ எங்கே காற்று வருமோ அங்கே. ஒரே கூரைக்குள் ஏழெட்டுப் புள்ளி, ஏழெட்டு உலை. இப்போது ஓட்டல்காரர்கள் இரண்டு மூன்று அறையைச் சேர்த்து உடைத்து ஒரு அறையாக்கி, குளியலறையும் ஏசியும் வைத்திருக்கிறார்கள். வேறு வழியும் இல்லை.

சுவரைத் தொட்டுப் பார்க்காதவர்கள் அடுத்த முறை கட்டாயம் தொடுங்கள். சித்திரை வெயிலிலும் குளுகுளு என்றிருக்கும். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, அம்மியில் மை மாதிரி அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழுவழுக் கல்லால் தேய்த்து மினுக்குவார்கள். எங்கள் அப்பத்தா பிறந்த வீட்டில், வீடு கட்டுகிற காலத்தில் கோழி முட்டையைத் தெருவிலேயே வந்து வாங்கிப் போவார்களாம். "எங்க வீட்டு முட்டையை நாங்க தின்னதை விட அவுக செவுரு தின்னதுதான் ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரிக்கும். தரைக்கு முதலில் வெளிநாட்டு ஓடு வந்தது, பிறகு பக்கத்து ஆத்தங்குடியிலேயே கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, சிமெண்டு வைத்து, வெயிலில் காயவைத்துச் செய்யப் பழகிவிட்டார்கள். வளவுக்குள் விழுகிற மழை ஒரு சொட்டு வீணாகாமல் கால்வாய் வழியாகக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகும். வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். தண்ணி இல்லாத ஊரில் கட்டினவர்கள் என்பது அங்கேதான் தெரியும்.

அப்புறம் 1930 வந்தது. உலகம் முழுக்க மந்தம். பர்மாவில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. விலை பாதியானால் கடன் இரட்டிப்பாகும், இந்தக் கணக்கை எந்த விவசாயிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மியக் குடியானவனால் வட்டியே கட்ட முடியவில்லை. ஈட்டு நிலம் கைமாறியது. கீழ் பர்மாவில் நெல் விளைகிற முக்கியமான 13 ஜில்லாக்களில், 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1938-ல் நூற்றுக்கு 25 பங்கு, கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர்.

இந்த எண்ணை முதலில் படித்த அன்றைக்கு நான் ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் நிலம் பிடிக்கப் போனவர்கள் இல்லை. நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியாமல்தான் முழித்தார்கள், பணமாக வேண்டியது சேறாக வந்து நின்றது. ஆனால் நான் கூட்டுறவு சொசைட்டியில் நகையை வைத்துவிட்டு வருஷா வருஷம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறவன். எனக்கு இந்தக் கதையில் முதலில் முகம் தெரிவது, காடு வெட்டி நிலமாக்கி, எட்டு வருஷத்தில் தன் நிலத்திலேயே குத்தகைக்காரனாக நின்ற அந்தப் பர்மியக்காரன்தான். தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கும்போது அவனையும் ஒரு நிமிஷம் நினைக்கலாம். அதே சமயம், என் அக்கா மகள் படித்த அழகப்பா கல்லூரியும், காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் வியாபாரத்தில் வந்த செல்வத்திலிருந்துதான். இரண்டையும் ஒரே தராசில் போட எனக்குத் தெரியவில்லை. போடவும் வேண்டாம்.

பர்மாக்காரன் கோபம் முதலில் கப்பல்துறையில் வேலை பார்த்த நம்ம கூலிக்காரர்கள் மேல்தான் விழுந்தது. 1930 மே மாசம் ரங்கூனில் கலவரம். வருஷக் கடைசியில் சாயா சான் தலைமையில் குடியானவர் கிளர்ச்சி. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அடுத்த சில மாசங்களில் நாலைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடிவந்தார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மலை ஏறி நடந்தார்கள். காலரா, மலேரியா, பசி. வழியில் செத்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை.

என் ஐயாவின் அண்ணன், நாங்கள் பெரியய்யா என்போம், அந்த நடையில் போனவர். இலைக்கட்டு இறக்குகிறேனே, அதே வீட்டுக்காரர்கள் பர்மாவில் வைத்திருந்த கடையில் அவர் சமையலாள். பதினேழு வயசில் எடுபிடியாகப் போய், இரண்டு மூன்று கணக்கு இருந்து, நடுவில் ஊருக்கு வந்து கல்யாணம் பண்ணி, ஒரு பெண் குழந்தையைக் கொஞ்சிவிட்டு மறுபடி கப்பலேறினவர். கடையில் இருந்தவர்கள் கிளம்பும்போது அவரும் கிளம்பியதாகத் தகவல். மேலாள் ஆறு மாசம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். பெரியய்யா வரவில்லை. வழியில் காய்ச்சலாகப் படுத்தார், பின்னால் வருகிறேன் என்றார், அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. செத்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் பெரியப்பத்தா தாலியைக் கழற்றவில்லை. 1979-ல் அது போகிறவரை நெற்றியில் பொட்டு இருந்தது. அவருக்குத் திதியும் கிடையாது. ஆடி அமாவாசைக்குப் பொதுவாக எள்ளும் தண்ணியும் விடுவதோடு சரி.

அந்த வீட்டு ஆச்சி ஒருத்தர், அவர் காலம் வரைக்கும், தை மாசம் தவறாமல் பெரியப்பத்தாவுக்கு இரண்டு மூட்டை நெல் அளந்தார். பெரியப்பத்தா பின்வாசலில் போய் நிற்கும், ஆச்சி தானே எழுந்து வந்து, "வா, சாப்புட்டுட்டுப் போ" என்பாராம். நெல் நின்றது அந்தக் குடும்பத்துக்கே நெல் இல்லாமல் போனபோதுதான்.

ஏன் இல்லாமல் போனது என்பது சுருக்கமான கதை. 1948 ஜனவரியில் பர்மா சுதந்திரம் அடைந்தது, அதே வருஷம் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டார்கள், 1953-ல் மறுபடி இறுக்கினார்கள். 1962-ல் நெ வின் ராணுவ ஆட்சி. அடுத்த இரண்டு வருஷத்தில் கடை கண்ணி பேங்கு எல்லாம் அரசாங்கத்துக்கு. மிச்சமிருந்த நம்மவர்கள் கட்டின துணியோடு கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் வந்தது அப்படித்தான்.

பணம் நின்றதும் வீடுகளுக்குப் பசி வந்தது. இந்த மாதிரி வீட்டுக்கு வருஷம் ஒருமுறை ஓடு மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் ஒரு ஐப்பசி மழை போதும். பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா, அமெரிக்கா என்று போய்விட்டார்கள். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு தூணைத் தொட முடியும். காவலுக்கு ஒரு கிழவர், அவருக்கு மாசச் சம்பளம் யார் கொடுப்பது என்பதிலேயே தகராறு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், எழுபது எண்பதுகளில், வீடு உடைப்பதே ஒரு தொழிலாக இருந்தது. முதலில் கண்ணாடியும் படமும் போகும், அப்புறம் கதவு நிலை, அப்புறம் தூண், கடைசியில் உத்திரம். பர்மாத் தேக்கைக் கன அடிக் கணக்கில் பேசி லாரியில் ஏற்றுவார்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைத் தெரு வளர்ந்தது இந்த எலும்பைத் தின்றுதான். எனாமல் கிண்ணத்திலிருந்து மாக்கல் சட்டி வரைக்கும் அங்கே விலைக்குக் கிடைக்கும். பிரித்த வீடுகளில் ஒன்றுக்கு நல்ல கதி, முட்டுக்காடு தட்சிணசித்ராவில் திரும்ப நிற்கிறது. மிச்சம் எல்லாம் யார் வீட்டு வரவேற்பறையிலோ டீபாயாக இருக்கிறது.

ஓட்டல்கள் வந்தது இதற்குப் பிறகு. காரைக்குடியில் 'பங்களா' 1999-ல் விருந்தினருக்குக் கதவைத் திறந்தது, செட்டிநாட்டுச் சாப்பாட்டை இலை போட்டுப் பரிமாறியதில் வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூடியது. கானாடுகாத்தானில் ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டிக்கொடுத்த 'விசாலம்', கோத்தமங்கலத்தில் பிரான்ஸ்காரக் கட்டடக்கலைஞர்கள் இருவர் சீர்படுத்திய 'சாரதா விலாஸ்', திருமயம் பக்கம் கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' என்று ஒவ்வொன்றாக வந்தன. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறின. உத்தேசம் இன்னும் உத்தேசமாகவே இருக்கிறது.

நான் இலை போடும் வீடு இவற்றில் எதுவும் இல்லை, பேர் வேண்டாம். பங்காளிகள் விற்காமல் நீண்ட குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். சாமி வீடு மட்டும் அவர்கள் சாவியில். வருஷத்தில் ஒரு நாள் படைப்புக்கு எல்லோரும் வந்து கூடுவார்கள், அன்றைக்கு ஓட்டலில் வெளியாளுக்கு அறை கிடையாது. எனக்கு அன்று முந்நூறு இலை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருபது பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் ஒருத்தர் பெயிண்டு அடிக்கப் போய்க்கொண்டிருந்தார், இப்போது பழைய வேலைக்கே திரும்பிவிட்டார். ஓட்டல் வராமல் இருந்தால் அந்த வீடும் கன அடிக் கணக்கில் போயிருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன மாசம் சமையல்கட்டில் கணக்கு முடிக்க முகப்புப் பக்கம் கூப்பிட்டார்கள். பத்து வருஷமாக இலை போடுகிறேன், முகப்புக்கு அன்றுதான் போனேன். பரணில் கிடந்த பழைய போட்டோக்களைத் துடைத்துச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்று பர்மாக் கடை வாசலில் எடுத்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு ஐந்து பேர், விபூதிப் பட்டையும் அங்கவஸ்திரமுமாக. அவர்கள் காலடியில் மையால் பேர் எழுதியிருக்கிறது. பின்னால் நிற்கிற ஏழு பேருக்குப் பேர் இல்லை. தோளில் துண்டு, இடுப்பில் வேட்டி, ஒருத்தர் கையில் கரண்டி மாதிரி ஏதோ.

மறுநாள் அப்பாவை வண்டியில் வைத்துக் கூட்டிப்போனேன். பழக்கத்தில் பின்வாசல் பக்கமே நடந்தார், நான்தான் கையைப் பிடித்து முன்பக்கம் அழைத்துவந்தேன். போட்டோவுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். மேனேஜர் தம்பி நல்ல பிள்ளை, நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"இதுல உங்க பெரியப்பா எதுங்கய்யா? சொல்லுங்க, கீழ பேர் எழுதி ஒட்டிடுவோம்" என்றார்.

"நான் பாத்தது இல்லையே தம்பி. நான் பொறந்ததே அவரு போன பின்னாடிதான். நெட்டையா இருப்பாருன்னு எங்கப்பா சொல்லும்." அப்பா விரலைத் தூக்கினார். "வலது ஓரத்துல இருந்து ரெண்டாவது. இல்ல… மூணாவது. ரெண்டு பேரும் நெட்டைதான்."

தம்பி பேனாவை மூடி வைத்துவிட்டார். தப்பான ஆளுக்குப் பேர் வைத்துவிடக் கூடாது, நிதானமாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

தேவகோட்டையில் அத்தை இருக்கிறது, பெரியய்யாவின் ஒரே மகள். தொண்ணூறை நெருங்குகிறது, ஒரு கண்ணில் புரை. அவர் கடைசியாகக் கப்பலேறினபோது அதற்கு நாலு வயசு. வியாழக்கிழமை இலையை இறக்கிவிட்டு, கார் பிடித்துப் போய்க் கூட்டிவரலாம் என்றிருக்கிறேன்.